ஆயில் சேம்பரும் பதினோரு கிலோமீட்டரும்

(நாமகிரிப்பேட்டையில் நடந்த கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற வாகன இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊர்ப் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோனது ஒரு நாகஸ்வரம். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் வாசித்து மணத்த காற்றில் நின்றுகொண்டு, இன்ஜின் தட்டுகிற சத்தத்தைப் பற்றி நான் பேச வந்திருக்கிறேன். அந்த மேதை மன்னிக்க வேண்டும்.

கூட்டத்து நோட்டீஸில், கார் வைத்திருப்பவர்கள் பாலிசி பேப்பரோடு வரவும் என்று அச்சடித்திருந்தார்கள். கொண்டு வந்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். ஏழு கை எழுந்தது. அதில் நாலு பேர் செல்போனைத் தூக்கிக் காட்டினீர்கள். இதுவே அதிகம். முப்பது வருஷ சர்வீஸில், வண்டி அடிபடுவதற்கு முன்னால் பாலிசியைப் படித்திருந்த ஆளை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

சர்வேயர் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அடிபட்ட வண்டியைப் பார்ப்போம். இந்தப் பாகத்தை மாற்றணும், இதைத் தட்டி நிமிர்த்தினால் போதும், இது பழைய அடி, இதற்கும் இந்த விபத்துக்கும் சம்பந்தமில்லை என்று பிரித்து எழுதி, கம்பெனி இவ்வளவு தரலாம் என்று ரிப்போர்ட் கொடுப்போம். 50,000 ரூபாய்க்கு மேல் போகிற வாகன க்ளெய்மை உரிமம் உள்ள சர்வேயர் பார்த்தாக வேண்டும். வண்டிக்காரர் எங்களைக் கம்பெனி ஆள் என்பார், கம்பெனி எங்களை வண்டிக்காரர் ஆள் என்னும். இரண்டு பக்கமும் திட்டு வாங்கி ஓய்வு பெற்றவன் என்ற தகுதியில்தான் இங்கே நிற்கிறேன்.

ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். பேர், ஊர் வேண்டாம். ஆடிப்பெருக்கு சமயம், கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டு ஒருவர் இறங்கி வருகிறார். காரவள்ளி வழியில் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு என்பதால், நம் பக்கத்து ஆட்கள் பலர் முள்ளுக்குறிச்சி வழியைத்தான் பிடிப்பார்கள். இவரும் அப்படித்தான். மலை இறங்கி முடிந்து, இனிமேல் என்ன என்ற நிம்மதியில் வரும்போது ரோட்டில் கிடந்த ஒரு கல் வண்டிக்கு அடியில் ‘டொக்’கென்று அடித்திருக்கிறது. இறங்கிப் பார்க்கவில்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, இருட்டிவிட்டது. கொஞ்ச தூரத்தில் டேஷ்போர்டில் சிவப்பாக எண்ணெய்க் கிண்டி மாதிரி ஒரு விளக்கு எரிந்தது. “பக்கத்துல வந்துட்டோமுங்க, காலைல மெக்கானிக்கக் காட்டிக்கலாம்னு ஓட்டிட்டே வந்துட்டனுங்க” என்றார் என்னிடம். கல் அடித்த இடத்திலிருந்து அவர் வீடு பதினோரு கிலோமீட்டர். வீட்டுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் இன்ஜின் கிரீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. அதற்கப்புறம் அது சுற்றவே இல்லை.

பட்டறையில் எஸ்டிமேட் போட்டார்கள். கல் அடித்து, இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சேம்பர் ஓட்டையாகியிருந்தது. ஆயில் சேம்பர், கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் சொச்சம். கிராங்க், பேரிங், பிஸ்டன் என்று இன்ஜினுக்குள்ளே போனது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். நான் முதல் கணக்குக்கு மட்டும் கையெழுத்துப் போட்டேன், அதிலும் ஆயில் விலையைக் கழித்துவிட்டு. “ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருக்கறனுங்களே சார்” என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பாலிசியில் இருக்கிறது, ஆனால் யாரும் படிக்காத இடத்தில் இருக்கிறது.

‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று நாம் சொல்வதில் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று, நம் வண்டி அடுத்தவருக்குச் செய்கிற கெடுதலுக்கு. இதுதான் தேர்டு பார்ட்டி. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் எழுதி, 1946 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கினார்கள். இப்போதைய 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 146ஆம் பிரிவு. இது இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மறுபடி மாட்டினால் 4,000, ஜெயிலும் உண்டு. இதன் பிரீமியத்தை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் அமலான கட்டணப்படி, ஆயிரம் சி.சி.க்குள் இருக்கிற காருக்கு வருஷத்துக்கு 2,094 ரூபாய், ஆயிரத்துக்கு மேல் ஆயிரத்தைந்நூறு வரைக்கும் 3,416. புதுக் கார் வாங்கினால் மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே கட்டச் சொல்கிறார்களே, அது 2018இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை எலும்பு டாக்டர் ராஜசேகரன். ரோட்டில் உடைந்த எலும்புகளைச் சேர்த்துச் சேர்த்துச் சலித்துப்போய் நீதிமன்றத்துக்குப் போனார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தால் உங்கள் காருக்கு ஒரு பைசா வராது. உங்கள் காருக்கானது இரண்டாவது சரக்கு, ‘ஓன் டேமேஜ்’. நான் பேச வந்தது இதைப் பற்றி.

இந்த ஓன் டேமேஜ் பகுதி எதற்கெல்லாம் பணம் தரும் என்று பாலிசியில் ஒரு பட்டியல் இருக்கிறது. தீ, இடி, வெடிப்பு, திருட்டு, கலவரம், வேலைநிறுத்தம், பூகம்பம், வெள்ளம், புயல், ஆலங்கட்டி, மண்சரிவு, பாறை உருளுதல், வேண்டுமென்றே ஒருவன் செய்யும் நாசம், பயங்கரவாதம், லாரியிலோ ரயிலிலோ ஏற்றிப்போகும்போது ஏற்படும் சேதம். இவற்றோடு நடுவில் ஒரு வரி: வெளியிலிருந்து தற்செயலாக ஏற்படும் விபத்து. மோதுவது, கவிழ்வது, தென்னை மட்டை விழுவது, மயில் கண்ணாடியில் வந்து அடிப்பது, மரவள்ளி லாரியிலிருந்து கட்டு அவிழ்ந்து கிழங்கு மூட்டை நம் பானட்டில் உருள்வது எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடக்கம்.

‘வெளியிலிருந்து’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் ஆட்களுக்கு மஞ்சளை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். மூட்டையை ஏலத்துக்கு ஏற்றிக்கொண்டு வரும்போது மழையில் நனைந்துபோனால் அது ஒரு நஷ்டம். குடோனில் வைத்திருந்து வண்டு துளைத்துப்போனால் அது வேறு நஷ்டம். முதலாவது வானத்திலிருந்து வந்தது, இரண்டாவது உள்ளேயே வளர்ந்தது. கார் இன்சூரன்ஸ் முதல் ரகத்துக்கு மட்டும். கிளட்ச் பிளேட் தேய்வது, டைனமோ போவது, ஏ.சி. கம்ப்ரஸர் நிற்பது, பேட்டரி இறங்குவது, ரேடியேட்டர் ஓஸ் இற்றுப்போவது எல்லாம் இரண்டாம் ரகம். ‘தேய்மானம், மெக்கானிக்கல் அல்லது எலெக்ட்ரிக்கல் பழுது, முறிவு’ என்று பாலிசியே பெயர் சொல்லி விலக்கி வைத்திருக்கிறது. கொல்லிமலை ஏறும்போது பாதி வளைவில் கிளட்ச் கருகி வாடை வந்தால், அந்த வாடைக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை. வாரண்டி இருந்தால் ஷோரூமைக் கேட்கலாம். அவர்களும் கிளட்சைத் தேய்கிற சாமான் என்றுதான் சொல்வார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மலை இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் வண்டி தடுப்புச் சுவரில் மோதிவிட்டது என்று வையுங்கள். பிரேக் போனது பழுது, அதற்குப் பணம் வராது. ஆனால் சுவரில் மோதி நசுங்கின முன்பக்கம் விபத்து, அதற்கு வரும். காரணம் உள்ளே இருந்தாலும் அடி வெளியிலிருந்து விழுந்திருக்கிறதே. பலர் இது தெரியாமல், “பிரேக் ஃபெயிலியர்னு சொன்னா காசு வராதுங்களாமா” என்று பயந்து, மாடு குறுக்கே வந்தது, நாய் வந்தது என்று எழுதிக் கொடுப்பார்கள். நான் பார்த்த பொய் மாடுகளைக் கூட்டினால் ஒரு சந்தையே போடலாம். உண்மையைச் சொல்லியிருந்தாலே பணம் வந்திருக்கும். பொய் சொன்னது தெரிந்த பிறகு க்ளெய்மே கந்தல்.

இப்போது நம் ஆயில் சேம்பருக்கு வருவோம். கல் வெளியிலிருந்து வந்தது. சேம்பர் ஓட்டையானது விபத்து. அங்கே சந்தேகமே இல்லை. ஆனால் பாலிசி நிபந்தனைகளில் ஒன்று இப்படிச் சொல்கிறது, என் தமிழில் சொல்கிறேன்: வண்டியைச் சேதத்திலிருந்து காப்பாற்ற நியாயமான முயற்சி எல்லாம் செய்ய வேண்டும். விபத்தோ பழுதோ ஆனால் கவனிப்பில்லாமல் நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. தேவையான ரிப்பேர் செய்வதற்கு முன்னால் ஓட்டினால், அதனால் கூடும் சேதம் முழுக்க வண்டிக்காரர் தலையில்.

சேம்பரில் ஓட்டை விழுந்தால் நிமிஷக் கணக்கில் ஆயில் ஒழுகிவிடும். இன்ஜினுக்குள் பேரிங்கும் கிராங்க்கும் ஒன்றையொன்று தொடாமல் ஓடுவதே நடுவில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பதால்தான். அது போய்விட்டால் உலோகம் உலோகத்தோடு உரசிச் சூடாகி, இளகி, ஒட்டிக்கொள்ளும். ‘இன்ஜின் சீஸ்’ என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். அந்தச் சிவப்பு விளக்கு எரிந்ததும் சாவியைத் திருப்பியிருந்தால் போதும். அவர் ஓட்டிய பதினோரு கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டருக்குப் பத்தாயிரம் ரூபாய் வாடகை. ஆகாய விமானத்தில்கூட அவ்வளவு ஆகாது.

தண்ணீர் விஷயமும் இதே கதை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களைப் பார்த்த எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நிறுத்தி வைத்திருந்த காரில் தண்ணீர் ஏறினால் அது வெள்ளச் சேதம். சீட், ஒயரிங், கார்ப்பெட், இ.சி.எம். என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் க்ளெய்மில் வரும். வடிந்த பிறகு ஒருவர் வந்து, “ஓடுதான்னு பாக்கலாம்” என்று செல்ஃப் அடிக்கிறார் பாருங்கள், அங்கேதான் வினை. காற்று போகிற வழியில் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டும், இடையில் இருக்கிற கனெக்டிங் ராடு வில்லாக வளையும். ஹைட்ரோஸ்டாட்டிக் லாக் என்று ரிப்போர்ட்டில் எழுதுவோம். கம்பெனி அதைப் பின்விளைவுச் சேதம் என்று தள்ளும். நுகர்வோர் ஆணையங்கள் சில வழக்குகளில் வண்டிக்காரர் பக்கமும் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வழக்குப் போட்டு ஜெயிப்பதைவிடச் சாவியைத் தொடாமல் இருப்பது சுலபம். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டவர்கள் அவர்கள்.

நமக்கு மேம்பாலத்துக்கு வேலையில்லை, தரைப்பாலம்தான். மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் தரைப்பாலத்துக்கு மேல் போகும்போது, முன்னால் போன பஸ் தாண்டிவிட்டதே என்று நாமும் இறக்குவோம். பஸ்ஸின் காற்று வாய் எங்கே இருக்கிறது, நம் காருடையது எங்கே இருக்கிறது? பஸ் போட்ட அலையே போதும். நடுவில் நின்றுவிட்டால் இறங்கித் தள்ளுங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். இந்த மாதிரிச் சேதத்துக்கென்று ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்று தனியாகக் காசு கட்டி வாங்கும் ‘ஆட்-ஆன்’ கவர் ஒன்று இருக்கிறது. தண்ணீர் புகுந்து இன்ஜின் போவதையும், ஆயில் ஒழுகி இன்ஜின் போவதையும் அது ஏற்கும், அதற்கும் சில நிபந்தனைகளோடு. அந்த மலைக் கார்க்காரரிடம் அது இருந்திருந்தால் என் ரிப்போர்ட் வேறு மாதிரி இருந்திருக்கும். தரைப்பாலம் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறவர்கள் மற்ற ஆட்-ஆன்களை விட்டுவிட்டாலும் இதை வாங்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

சரி, விபத்துதான், க்ளெய்ம் வரும் என்று ஆகிவிட்டது. எவ்வளவு வரும்? இங்கேதான் அடுத்த சண்டை.

நாலேகால் வயசான ஒரு சின்னக் கார், முன்னால் போன டிராக்டரின் டிரெய்லரில் இடித்துவிட்டது. பில் 44,000 ரூபாய் என்று ஒரு உதாரணம் போடுவோம். பம்பர் 6,000. அது பிளாஸ்டிக். பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகத்துக்கு வண்டி ஷோரூமை விட்டு வந்த மறுநாள் அடிபட்டாலும் பாதிதான். ஆக 3,000. ஹெட்லைட் 8,000. பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும், தட்டினால் பிளாஸ்டிக். இதற்கும் பாதி, 4,000. பானட் 10,000. அது இரும்பு. இரும்புக்கு வண்டி வயசைப் பார்த்துக் கழிப்போம். ஆறு மாசத்துக்குள் கழிவே இல்லை, ஒரு வருஷம் வரை 5 சதவீதம், அப்புறம் 10, 15, 25 என்று ஏறி, நாலிலிருந்து ஐந்து வயசுக்குள் 35, பத்து வயசு வரை 40, அதற்கு மேல் 50. நம் வண்டிக்கு 35 போனால் 6,500. முன் கண்ணாடி 7,000. நிஜக் கண்ணாடிக்குக் கழிவு கிடையாது, முழுசாக வரும். டிங்கரிங் கூலி 5,000, அதுவும் முழுசாக. பெயிண்டிங் 8,000. அதில் கால் பங்கைப் பெயிண்ட் விலையாக வைத்து அதில் பாதியைக் கழிப்போம். அதாவது ஆயிரம் போய் 7,000. கூட்டினால் 32,500. இதிலும் ஆயிரத்தைந்நூறு சி.சி. வரைக்கும் கட்டாயமாக 1,000 ரூபாய் வண்டிக்காரர் போட வேண்டும். கடைசியில் கைக்கு வருவது 31,500. மீதி 12,500 உங்கள் பையிலிருந்து. வரிக் கணக்கை நான் சேர்க்கவில்லை.

“ஏனுங்க, புது பம்பர்தானே போட்டாங்க, பழசா போட்டாங்க?” என்று சண்டைக்கு வருவார்கள். நீங்களே சொல்லுங்கள், மஞ்சள் ஏலத்தில் பனங்காலியை வைத்துவிட்டு விரலி விலை கேட்டால் வியாபாரி தருவாரா? உங்கள் வண்டியில் இருந்தது நாலு வருஷம் வெயிலில் காய்ந்த பம்பர். இன்சூரன்ஸ் அதன் விலையைத்தான் தரும், புதுசின் விலையை இல்லை. இழந்ததை ஈடுகட்டலாம், அதற்கு மேல் லாபம் பார்க்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை. இந்தக் கழிவே வேண்டாம் என்றால் ‘ஜீரோ டெப்ரிசியேஷன்’ என்று கூடுதல் பிரீமியம் கட்டி வாங்க வேண்டும். அதிலும் அந்தக் கட்டாய ஆயிரம் போகத்தான் போகும். வருஷத்துக்கு இத்தனை தடவைதான் என்று வரம்பு இருக்கும். பெரும்பாலும் வண்டிக்கு வயசு ஏறினால் தரவும் மாட்டார்கள். நட்டு, போல்ட்டு, கூலண்ட், ஏ.சி. கேஸ், இன்ஜின் ஆயில் இவற்றைச் சாதாரண பாலிசி தராது, அவற்றுக்கு ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ கவர் தனி. நான் ஆயில் விலையைக் கழித்தேன் என்று சொன்னது இதனால்தான்.

ஜீரோ டெப்பைத்தான் ஷோரூமில் ‘பம்பர் டு பம்பர்’ என்கிறார்கள். ஸ்டாண்டர்டு பாலிசி வாசகத்தைத் தலைகீழாகத் தேடினாலும் அந்தச் சொல் கிடைக்காது. அந்தச் சொல்லால் ஒரு கூத்து நடந்தது. நம் பக்கத்து ஈரோட்டு வழக்கு அது. ஒரு கார் விபத்தில், அந்தக் காரிலேயே இருந்தவர் இறந்துபோனார். ஈரோடு தீர்ப்பாயம் 14.65 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இன்சூரன்ஸ் கம்பெனி மேல்முறையீடு போனது. ‘இது ஆக்ட் ஒன்லி பாலிசி, வெளியே இருக்கிற மூன்றாம் ஆளுக்குத்தான் பொறுப்பு, காருக்குள் இருந்தவருக்கு இல்லை’ என்றது. சென்னை உயர் நீதிமன்றம் கம்பெனி சொன்னதை ஏற்றுக்கொண்டது. ஆனால் நீதிபதி அதோடு நிறுத்தவில்லை. வண்டி வாங்குகிறவனுக்குத் தான் என்ன வாங்குகிறோம் என்றே தெரியாமல் விற்கிறார்கள் என்ற வருத்தத்தில், 2021 செப்டம்பர் 1 முதல் விற்கிற ஒவ்வொரு புது வண்டிக்கும் ஓட்டுகிறவர், பயணம் செய்கிறவர், உரிமையாளர் எல்லோரையும் சேர்த்து ஐந்து வருஷத்துக்குப் ‘பம்பர் டு பம்பர்’ கட்டாயம் என்று அந்த வருஷம் ஆகஸ்ட் 4ஆம் தேதி உத்தரவு போட்டார். தமிழ்நாடு முழுக்க ஷோரூம்கள் ஆடிப்போயின. கம்பெனிகள் விளக்கம் கேட்டு ஓடின. நீதிபதி மனதில் இருந்தது மனுஷ உயிர், ஷோரூமில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் பிளாஸ்டிக் பம்பர். செப்டம்பர் 13ஆம் தேதி அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அவருடைய கவலை தப்பில்லை என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். தப்பு அந்தச் சொல்லில் இருந்தது. உங்கள் பாலிசியில் காருக்குள் உட்காருகிறவர்களுக்குத் தனியாக ஏதாவது கட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஓட்டுகிற உரிமையாளருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பீடு கட்டாயமாக இருக்கும். பக்கத்தில் உட்காருகிற வீட்டுக்காரம்மாவுக்கு அதில் பங்கு கிடையாது.

டயரைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். டயர் மட்டும் வெடித்தால் வராது. வண்டியும் சேர்ந்து அடிபட்டால் பாதி வரும். முடிந்தது.

பழுதாகி நின்றால் இழுத்துக்கொண்டு போகிற செலவு? விபத்தாக இருந்தால் சாதாரண பாலிசியில் 1,500 ரூபாய் வரை உண்டு. அது எந்தக் காலத்து ரேட் என்று கேட்காதீர்கள். கொல்லிமலை மேல் இருக்கிற செம்மேட்டிலிருந்து ஒரு வண்டியை ரெக்கவரியில் ஏற்றி ராசிபுரம் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள், டிரைவர் அந்தத் தொகையைக் கேட்டுச் சிரிப்பார். வெறும் பழுதுக்கு அதுவும் கிடையாது. ‘ரோடு சைடு அசிஸ்டன்ஸ்’ என்று சில நூறு ரூபாய்க்கு ஒரு ஆட்-ஆன் விற்கிறார்களே, அது இதற்குத்தான். பேட்டரிக்கு உயிர் கொடுப்பது, டயர் மாற்றுவது, டீசல் கொண்டுவந்து ஊற்றுவது, இழுத்துப் போவது. ஆனால் எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம், மலைக்கு மேல் வருவார்களா என்று வாங்கும்போதே கேளுங்கள். அது ஆள் அனுப்பும் கவர், உடைந்த சாமானுக்குக் காசு தரும் கவர் இல்லை. பம்ப் போனால் பம்ப் விலை உங்களுடையதுதான்.

லாரிக்காரர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள், பாடி கட்டுகிற நாமக்கல் பக்கம் என்றால் வராமலா இருப்பீர்கள். உங்களுக்கு ஒரே வார்த்தை, பாலிசியில் ஐ.எம்.டி. 23 என்கிற கூடுதல் கவர் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் லைட், பம்பர், மட்கார்டு, பெயிண்ட் எதற்கும் தனியாகப் பணம் வராது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்கு, வேலை செய்யும்போது வண்டி கவிழ்வதற்கான கவர். போர் போட்டுக்கொண்டிருக்கும்போது வண்டி சாய்ந்தால் அந்தக் கவர் இல்லாமல் ஒன்றும் நகராது.

சேலத்துச் சந்தையில் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினவர்கள் கொஞ்சம் காது கொடுங்கள். ஆர்.சி.யை உங்கள் பேருக்கு மாற்றியிருப்பீர்கள், இன்சூரன்ஸ் பழைய ஆள் பேரிலேயே இருக்கும். “வருஷம் முடியட்டும், அப்ப மாத்திக்கலாம்” என்று விட்டுவிடுவோம். தேர்டு பார்ட்டி வண்டியோடு தானாகவே வந்துவிடும், சட்டம் அப்படி. ஓன் டேமேஜ் அப்படி வராது. 1995இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. வாங்கின 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பேர் மாற்ற வேண்டும். மாற்றாத வண்டி அடிபட்டால், விற்றவருக்கு வண்டி இல்லை, வாங்கினவருக்குப் பாலிசி இல்லை, கம்பெனிக்குச் செலவு இல்லை. இன்னொன்று, க்ளெய்ம் வாங்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கழித்துத் தரும் நோ க்ளெய்ம் போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்குச் சொந்தமில்லை. விற்றவர் சேர்த்துவைத்த 50 சதவீதம் உங்களுக்கு வராது. உங்களுடையது நீங்கள் அடுத்து வாங்கும் காருக்குப் போகும். இருக்கிற காருக்கே பாலிசியைத் தொடர்ந்தால், முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால்தான் அது நிற்கும்.

சொந்த போர்டு காரை முகூர்த்த நாளில் வாடகைக்கு விடுவதும் இங்கே சகஜம். “டீசல் மட்டும் போட்டுக் குடுத்தாங்க” என்று சொல்வது எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்! வாடகைக்கு ஓட்டியது தெரிந்தால் கம்பெனி மொத்தமாகக் கைவிரிக்கும். 2010இல் இப்படி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனபோது, முழுசாக மறுக்க வேண்டாம், ஒரு பகுதியைக் கொடுங்கள் என்று தீர்ப்பானது. ஆனால் அந்த ஒரு பகுதிக்கு அவர் டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

கார் முழுசாக நொறுங்கிவிட்டால் கணக்கு வேறு. பாலிசி முதல் பக்கத்திலேயே ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். அதுதான் கம்பெனி உங்கள் காருக்குப் போட்ட விலை. 7 லட்சத்துக்கு வாங்கின கார் மூன்று வயசு தாண்டினால் 40 சதவீதம் கழித்து 4,20,000. ரிப்பேர் செலவு அதில் முக்கால் பங்கை, அதாவது 3,15,000ஐத் தாண்டினால் டோட்டல் லாஸ். பிரீமியத்தில் எண்ணூறு, ஆயிரம் குறைகிறதே என்று ஏஜென்ட் ஐ.டி.வி.யைக் குறைத்துப் போட்டிருந்தால், அந்த ஆயிரத்துக்கு எண்பதாயிரத்தை விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரியும். கம்பெனிகளுக்குள் ரேட் ஒப்பிடும்போது ஐ.டி.வி. ஒரே தொகையா என்று பார்க்காமல் ஒப்பிட்டால் அது ஒப்பீடே இல்லை.

அடிபட்டால் என்ன செய்வது என்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். நிறுத்துங்கள். அடியில் குனிந்து பாருங்கள். போட்டோ எடுங்கள், சுற்றுப்புறமும் தெரிகிற மாதிரி. கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். சர்வேயர் பார்ப்பதற்கு முன்னால் பட்டறைக்காரர் அன்பு மிகுதியில் பிரித்துப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தகவல் சொல்லத் தாமதமாகிவிட்டால் பயந்து விட்டுவிட வேண்டாம். நியாயமான காரணம் இருந்தால் தாமதத்தை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது என்று, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐ.ஆர்.டி.ஏ. 2011லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அது சரியில்லை என்று பட்டால் ஐ.ஆர்.டி.ஏ.வின் 155255 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் என்கிற குறைதீர்ப்பாளர் இருக்கிறார், செலவில்லை. நாமக்கல்லில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, வக்கீல் இல்லாமல் நீங்களே போய்ப் பேசலாம், இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

போன வாரம் ஒருவர் போன் செய்தார், எலி ஒயரிங்கைக் கடித்துவிட்டது, வருமா என்று. மஞ்சள் குடோன் பக்கத்தில் கார் நிறுத்தினால் எலி வராமல் என்ன செய்யும்? இதில் கம்பெனிக்குக் கம்பெனி நிலைப்பாடு வேறு. சிலர் தருகிறார்கள், சிலர் பராமரிப்புக் குறை என்கிறார்கள். பாலிசியைப் பார்க்காமல் என்னால் பதில் சொல்ல முடியாது என்றேன். “பாலிசி எங்க இருக்குதுன்னு தெரியலீங்க” என்றார். அவர் இங்கேயும் வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கை தூக்கின ஏழு பேரும் முன்னால் வாருங்கள். செல்போனில் வைத்திருப்பவர்கள் எழுத்தைப் பெரிசாக்கி வையுங்கள், என் கண் இப்போது முன்னைப் போல இல்லை. முதல் பக்கத்தில் ஐ.டி.வி., இரண்டாம் பக்கத்தில் ஆட்-ஆன், அப்புறம் அந்த நிபந்தனைகள். டீ வருகிறதாம், குடித்துக்கொண்டே பார்ப்போம்.